பழைய காரின் குளிர்ப்பொறி

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கிழக்குக் கரையின் வெயில் வேறு வெயிலாகிவிடும். தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு வருகின்ற காற்று அது. வயல்வெளிகளைக் கடந்து கடலை நோக்கி அது ஓடும் மாதங்களில், பொத்துவிலிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு நண்பகலில் கொதித்துக் கிடக்கும். அத்தெருவில், திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்திலிருந்து புறப்படும் ஒரு பழைய காரை நேயர்கள் தம் மனக்கண்ணில் கண்டுகொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக் கதையாகச் சொன்னால் பொறியின் கதை எளிதில் விளங்கும் என்பதற்காகவே இந்தக் கற்பனை. கதை கற்பனையாயினும் அதில் வரும் பழுது கற்பனையன்று.

காரின் சொந்தக்காரர் வயல் செய்பவர். கார், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்டது. வீட்டிலே வயது சென்ற தாயார் இருக்கிறார். மாதம் ஒருமுறை அவரைக் கல்முனைக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். புதுக் கார் வாங்கும் எண்ணம் அவருக்கு ஒருகாலத்தில் இருந்ததுதான். ஆனால் 2020ஆம் ஆண்டிலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியபோது வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலையே புதுக் கார்களின் விலை போல ஏறிற்று. ஆகவே இலங்கையில் ஒரு பழைய காரைப் பேணுவது சிக்கனம் மட்டுமன்று, பலருக்கு அது ஒன்றே வழியாயிற்று.

இந்தக் காரின் குளிர்சாதனம் மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தளர்ந்து வந்தது. ஒவ்வொரு கச்சான் காலத்தின் தொடக்கத்திலும் தெருவோரத்துத் திருத்துநர் ஒருவரிடம் போய்க் 'காஸ்' அடைத்துக்கொள்வார். இரண்டு மாதம் குளிர் வரும்; பின்பு மங்கும். மூன்றாம் ஆண்டு காஸ் அடைத்தும் பொறி இயங்கவில்லை. திருத்துநர் முன்புறத்தில் ஒரு சிறு ஆளியைக் கண்டு, அதன் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். உடனே பொறி இயங்கிற்று, குளிரும் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த பயணத்தில், நிந்தவூரைத் தாண்டும்போது காரின் முன்புறத்திலிருந்து ஒரு கீச்சொலி எழுந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. சொந்தக்காரர் அஞ்சிக் குளிர்சாதனத்தின் பொத்தானை அமர்த்தினார், ஒலி நின்றது. கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு மெல்லச் சென்றார்கள். வெயிலும் புழுதியும் உள்ளே நுழைந்தன. காரைதீவை அடையும் முன் தாயாருக்கு மயக்கம் வந்துவிட்டது. நிழலில் நிறுத்தி, முகத்தில் நீர் தெளித்து, இளநீர் கொடுத்து அழைத்துப்போக வேண்டியதாயிற்று. குளிர்சாதனம் ஓர் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் அந்த வேளையில் அந்த நிழலில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி, அந்தப் பொறிக்குள் நேர்ந்தது யாது?

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில் அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் கொட்டுகிறது. மண்பானையின் நீர் குளிர்வது ஏன்? பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் தாதி கையில் தடவும் ஸ்பிரிட்டு சில்லென்று படுவதும் இதனாலேயே. நீர்மம் ஆவியானால் வெப்பத்தை உண்ணும். ஆவி மீண்டும் நீர்மமானால் உண்ட வெப்பத்தை வெளியே விடும். காரின் குளிர்சாதனத்தில் ஓடும் குளிரூட்டி, நீரைப்போல 100 பாகையில் கொதிப்பதன்று. இன்று பெரும்பாலான பழைய கார்களில் உள்ள 134ஏ என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். பயணியின் முழங்காலுக்கு எதிரே, தட்டுப்பலகையின் பின்னால் மறைந்திருக்கும் ஆவியாக்கியில் அது கொதித்து ஆவியாகி, காரினுள் இருக்கும் வெப்பத்தை உண்கிறது.

உண்ட வெப்பத்தை வெளியே கொட்ட வேண்டுமே. வெளியிலோ வெயில் கொளுத்துகிறது. வெப்பம் தானாகச் சூடான இடத்துக்கு ஏறாது. ஆகவே அந்த ஆவியை அமுக்கி, வெளிக்காற்றினும் சூடாக்கி, ரேடியேற்றரின் முன்னால் நிற்கும் ஒடுக்கிக்குள் தள்ள வேண்டும். அங்கே அது வெப்பத்தை விட்டு நீர்மமாகும். உலர்த்தி வழியாகச் சென்று, விரிவு வால்வின் ஊசித் துளையில் நுழைந்து, மீண்டும் ஆவியாக்கியை அடையும். இந்த அமுக்கும் வேலையைச் செய்வதுதான் கொம்பிரசர். மற்றவை யாவும் குழாயும் வலையும் துளையுமே. உழைப்பு முழுவதும் இதனுடையது. எஞ்சின் சுழற்றும் பெல்ட்டினால் இது சுழல்கிறது. சாய்ந்த தட்டு ஒன்று உள்ளே சுழன்று ஐந்து இருமுனைப் பிஸ்டன்களை முன்னும் பின்னுமாக ஓட்டும் வகையே ஜப்பானியக் கார்களில் மிகுதியாகக் காணப்படுவது.

முதன்முதல் கார்களில் இதனைப் பொருத்தியவர்கள் அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனியார். 1939இல் காட்டப்பட்ட அந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. குளிர் போதும் என்று தோன்றினால் அதை அமர்த்த வழியில்லை; வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பின்னர் வந்த கார்களில் காந்தக் கிளச் சேர்ந்தது. பெல்ட்டு எப்போதும் கப்பியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தி மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தம் முன்தட்டை இழுத்துக் கப்பியோடு சேர்க்க, கொம்பிரசரின் அச்சு சுழலும். நிந்தவூரில் பொத்தானை அமர்த்தியதும் கீச்சொலி நின்றது இதனால்தான். உள்ளே அச்சு இறுகிப்போயிற்று. கப்பி மட்டும் தனித்துச் சுழன்றது.

அச்சு ஏன் இறுகியது என்பதே கேள்வி. எஞ்சினில் எண்ணெய் தங்க அடியில் ஒரு தொட்டி உண்டு. கொம்பிரசருக்கோ அத்தகைய பெரிய தொட்டி கிடையாது. அதன் எண்ணெய் குளிரூட்டியோடு கலந்து, ஒடுக்கி, உலர்த்தி, ஆவியாக்கி என்று ஊர் சுற்றிவிட்டு மீண்டும் வீடு திரும்ப வேண்டும். அதைச் சுமந்து வருவது குளிரூட்டியே. எங்கேனும் கசிவு ஏற்பட்டுக் குளிரூட்டி குறைந்துபோனால் எண்ணெயைச் சுமந்துவர ஆளில்லை. கசிவு வழியே எண்ணெயிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் காஸ் அடைத்தார்களே தவிர, போன எண்ணெயை எவரும் ஈடுசெய்யவில்லை.

இந்த ஆபத்தை முன்னறிந்தே காரைச் செய்தவர்கள் தாழமுக்க ஆளி ஒன்றை வைத்திருந்தார்கள். குளிரூட்டி ஓர் அளவுக்குக் கீழே போனால் அது மின்சாரத்தைத் துண்டித்துக் கொம்பிரசரை நிறுத்திவிடும். மூன்றாம் ஆண்டு பொறி இயங்க மறுத்தது பழுதால் அன்று. அடைத்த காஸ் போதாமையால் அந்த ஆளி தன் கடமையைச் செய்ததால். அதன் கம்பிகளை முறுக்கி இணைத்ததோ, வீட்டு நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்கப் போனதற்கு ஒப்பாகும். எண்ணெயின்றிச் சில மணி நேரம் ஓடிய அலுமினியப் பிஸ்டன்கள் உராய்ந்து, உருகி, ஒட்டிக்கொண்டன.

கல்முனைப் பயணம் முடிந்து சில நாளில், அக்கரைப்பற்றிலே குளிர்சாதன வேலைக்கென்றே கராஜ் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் இளைஞரிடம் கார் போயிற்று. நல்ல திருத்துநர் முதலில் திருகாணியைத் தொடுவதில்லை. அவர் கேட்டார், பார்த்தார், கையால் சுழற்றினார். குளிர்சாதனம் அமர்ந்திருக்கும்போதே இரைச்சல் வந்தால் பழுது கப்பியின் போல் பெயறிங்கில் என்று கொள்ளலாம். அதை மட்டும் மாற்றினால் போதும். பொத்தானை அழுத்தினால்தான் இரைச்சல் என்றால் பழுது உள்ளே. முன்தட்டு அசையவே இல்லையென்றால் கொம்பிரசரைக் குறை சொல்லுமுன் பியூசையும் றிலேயையும் பார்க்க வேண்டும். காந்தச் சுருளுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். தட்டுக்கும் கப்பிக்கும் இடையே இருக்க வேண்டியது அரை மில்லிமீற்றர் அளவிலான இடைவெளி. ஆண்டுகள் செல்லத் தேய்ந்து அது அகன்றுபோனால் சூட்டில் காந்தத்துக்கு இழுக்க வலுப் போதாது. காலையில் வேலை செய்து நண்பகலில் நின்றுவிடும் கொம்பிரசர்கள் சில இந்த வகை. நடுவில் உள்ள மெல்லிய வளையத் தகடு ஒன்றைக் கழற்றினால் அவை மீண்டும் ஆண்டுக்கணக்கில் ஓடும். இதனை அறியாமல் நல்ல கொம்பிரசர்கள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

இன்னொரு சோதனை அமுக்கமானிகளைப் பூட்டிப் பார்ப்பது. நன்றாக ஓடும் பொறியில், வெயில் நாளில், ஒரு பக்கம் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 40 இறாத்தலும் மறுபக்கம் 200க்கு மேலும் காட்டும். கிளச் பிடித்துச் சுழன்றுகொண்டிருக்கும்போதே இரு முட்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் கொம்பிரசர் சுழல்கிறதே தவிர அமுக்கவில்லை என்பது பொருள். இந்தக் காரில் அதற்கும் இடமில்லை. அச்சு கையால் அசையவில்லை.

"புதுக் கொம்பிரசர் ஒன்றைப் போட்டுவிட்டால் சரிதானே, தம்பி?" என்று வயல்காரர் கேட்டார்.

"போடலாம், அண்ணன். ஆனா அது மட்டும் போட்டா, அதுவும் இதே மாதிரித் திரும்பி வரும்" என்றார் இளைஞர். குழாயொன்றைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியை விட்டு எடுத்துக் காட்டினார். துணியில் மை போன்ற கறுப்பு எண்ணெய். அதற்குள் வெள்ளி மினுக்கம். தேய்ந்த அலுமினியத்தின் பொடி அது.

அந்தத் துணியிலேதான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. கொம்பிரசர் சாகும்போது தனியே சாவதில்லை. தன் துகள்களைக் குளிரூட்டியின் பாதை முழுவதும் இறைத்துவிட்டுச் சாகிறது. புதுக் கொம்பிரசரை அதே பாதையில் பூட்டினால் அது முதலில் விழுங்குவது பழையதன் பொடியையே. ஆகவே குழாய்களைக் கழுவ வேண்டும். விரிவு வால்வை மாற்ற வேண்டும். அதன் ஊசித் துளையில் ஒரு துகள் போதும் அடைத்துக்கொள்ள. உலர்த்தியைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள், பாதை திறந்த பின் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஒடுக்கி பழைய பாணியில், ஒரே குழாய் வளைந்து வளைந்து செல்வதாயின் கழுவிக்கொள்ளலாம். பின்வந்த கார்களில் உள்ள, மயிரிழைத் துளைகள் பக்கம் பக்கமாக அமைந்த வகையாயின் கழுவிப் பயனில்லை, மாற்றுவதே முறை. இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிதாக வேண்டும்.

செலவைக் கேட்டு வயல்காரர் மௌனமானார். சிறுபோக வேளாண்மை வெட்டுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. கைமாற்று வாங்கவும் மனமில்லை.

இவ்விடத்தில் அந்த இளைஞர் செய்தது பாராட்டத்தக்கது. அரைகுறை வேலைக்கு உடன்படவில்லை. அதே வேளை வண்டியை மறித்து வைக்கவும் இல்லை. அந்தக் காரில் குளிர்ப்பொறிக்கென்று தனிப் பெல்ட்டு இருந்தது. அதைக் கழற்றினார், காந்தச் சுருளின் கம்பியைப் பிரித்துக் கட்டினார், முறுக்கியிருந்த ஆளிக் கம்பிகளைப் பழையபடி ஆக்கினார், குழாய் வாய்களை மூடினார். பக்கார்ட் காரின் ஓட்டுநர் செய்ததையே எண்பத்தைந்து ஆண்டுகளின் பின் அக்கரைப்பற்றிலும் செய்தாயிற்று! குளிரின்றிக் கார் எவ்வளவு தூரமும் ஓடும். ஆனால் பின்வந்த பல கார்களில் ஒரே நீண்ட பெல்ட்டு மின்பிறப்பாக்கியையும் நீர்ப்பம்பியையும் கூடச் சுழற்றுகிறது. அத்தகைய காரில் கப்பியின் பெயறிங் இறுகிப் பெல்ட்டு அறுந்தால், பற்றரி ஏறாது, எஞ்சினும் கொதித்துவிடும். கோமாரிப் பக்கத்தில் இரவில் அது நேர்வதை எவரும் விரும்பார். அவ்வாறான காருக்கு அளவில் குறைந்த பெல்ட்டோ, கொம்பிரசரின் இடத்தில் வெறுங் கப்பியோ பூட்டிக்கொள்ள வேண்டும். கொம்பிரசர் கத்தத் தொடங்கிய பின்பு காலம் தாழ்த்துதல் ஆகாது.

அந்த ஆறு கிழமைக்குள் வந்த வைத்தியப் பயணத்துக்கு அதிகாலை ஐந்து மணிக்கே புறப்பட்டார்கள். திரும்பும்போது கல்முனையில் உறவினர் வீட்டில் மாலை வரை இருந்து வெயில் தாழ வந்தார்கள்.

அறுவடை முடிந்தது. கொம்பிரசரைக் கொழும்பிலே பஞ்சிகாவத்தையில் தேடினார்கள். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அத்தெருவில் ஜப்பானியக் கார்களிலிருந்து கழற்றி வந்த பாகங்கள் மலிவு. ஆனால் கழற்றி வந்த கொம்பிரசரை வாங்குபவர் சிலவற்றைப் பார்க்க வேண்டும். வாய்கள் இரண்டும் மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்தே கிடந்ததாயின் உள்ளே ஈரம் புகுந்திருக்கும். கையால் சுழற்றினால் சீராக, சிறு எதிர்ப்போடு சுழல வேண்டும். கவிழ்த்தால் வடியும் எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் என்ன விலைக்குக் கிடைத்தாலும் அது மலிவன்று.

எண்ணெயிலும் இனம் உண்டு. பழைய கார்கள் 12 என்னும் குளிரூட்டிக்காகச் செய்யப்பட்டவை. அதற்குக் கனிய எண்ணெய். 134ஏயில் கனிய எண்ணெய் கரையாது. கரையாத எண்ணெய் கொம்பிரசருக்குத் திரும்பி வராது. ஆகவே காஸை மாற்றியவர் எண்ணெயையும் மாற்றியாக வேண்டும். இரு காஸ்களுக்கும் பூட்டுவாய்கள் வேறு வேறாகச் செய்யப்பட்டிருப்பது, ஒன்றின் இடத்தில் மற்றது தவறியும் நுழையாதிருக்கவே.

12 ஏன் ஒழிந்தது என்பது உலகறிந்த வரலாறு. 1930ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ச்லி முதலியோர் கண்டுபிடித்த அந்தப் பொருள் தீப்பற்றாது, நச்சன்று என்று போற்றப்பட்டது. 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் அது வானின் உயரத்தில் ஓசோன் படையை அரிக்கும் என்று எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே அப்படை மெலிந்து கிடப்பது வெளியாயிற்று. 1987 செப்டெம்பர் 16ஆம் நாள் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989 டிசெம்பரில் அதில் சேர்ந்தது. 134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோகிராம் 134ஏ புவியைச் சூடாக்கும் வலு 1,430 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம் என்று கணித்திருக்கிறார்கள். காரொன்றில் உள்ள 700 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் அது ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பாகும். இத்தகைய காஸ்களையும் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலித் திருத்தத்தை 2018இல் இலங்கை ஏற்றது. ஆகவே ஆண்டுதோறும் கசிய விட்டு ஆண்டுதோறும் அடைப்பது ஊர் வெயிலுக்கு விறகு வைப்பதும் ஆகும்.

விலை குறைவு என்று சமையல் வாயுவைக் குளிர்சாதனத்தில் அடைப்போரும் ஆங்காங்கே உண்டு. அது குளிர் தருவது உண்மையே. புரொப்பேன், பியூட்டேன் என்னும் அதன் கூறுகளும் குளிரூட்டிகளாக உதவக்கூடியவை. ஆனால் ஆவியாக்கி இருப்பது காரினுள்ளே. அங்கே கசிந்தால், மூடிய கண்ணாடிகளுக்குள் மூன்று நான்கு பேர் தீப்பற்றும் வாயுவோடு அமர்ந்திருக்கிறார்கள். ஒரு தீக்குச்சி, ஓர் ஆளியின் பொறி போதும். இதனைச் செய்யச் சொல்பவர் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும் மறுத்துவிட வேண்டும்.

பாகங்கள் பூட்டி முடிந்ததும் இளைஞர் முதலில் நைதரசன் வாயுவை அடைத்து, இணைப்புத்தோறும் சவர்க்கார நுரை தடவினார். ஒடுக்கியின் கீழ் மூலையில் ஒரு குமிழி எழுந்தது. மூன்று ஆண்டுகள் காஸைக் குடித்த ஓட்டை அதுவே! கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரித்திருந்தது. வினாயகபுரத்திலிருந்து கல்முனை வரை தெரு பெரும்பாலும் கடலுக்கு அணித்தே செல்வதால் இங்குள்ள கார்களின் முன்வலைகள் உள்நாட்டுக் கார்களின் வலைகளிலும் விரைவில் பொடிந்துபோகின்றன. கிழமைக்கு ஒருமுறை கிணற்று நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவினால் அவற்றின் ஆயுள் நீளும். ஒடுக்கியும் மாற்றப்பட்டது.

பிறகு வெற்றிடப் பம்பி ஒரு மணி நேரம் ஓடிற்று. காற்றை எடுப்பது மட்டும் அதன் நோக்கமன்று. அமுக்கம் மிகத் தாழ்ந்தால் நீர் அறைவெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். உள்ளே ஈரம் தங்கினால் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும், விரிவு வால்வில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். பம்பியை நிறுத்தி அரைமணி நேரம் முள்ளைப் பார்த்திருந்தார், முள் அசையவில்லை. இந்த அரைமணி நேரப் பொறுமைக்குத்தான் நல்ல கராஜில் பணம் கொடுக்கிறோம்.

காஸை அவர் மதிப்பாக அடைக்கவில்லை; தராசில் வைத்து நிறுத்து அடைத்தார். கார் மூடியின் உட்புறத்தில் பழைய ஒட்டில் 12க்கு 800 கிராம் என்று இருந்தது. 134ஏயாயின் அதில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு போதும். மிகுதியாக அடைத்தால் குளிர் கூடாது. அமுக்கம்தான் கூடும், கொம்பிரசர்தான் வருந்தும்.

"மாரி காலத்திலயும் கிழமைக்கு ஒருக்காப் பத்து நிமிசம் போட்டு விடுங்க, அண்ணன். அச்சு முத்திரை காஞ்சு போகப்படாது. மழைக்குக் கண்ணாடி புகார் கட்டினாலும் அதுதான் எடுக்கும்" என்றார்.

வயல்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இளைஞர் ஒரு சிறு தாளில் திகதியையும், 134ஏ, 680 கிராம் என்பதையும், ஊற்றிய எண்ணெயின் இனத்தையும் எழுதி, பழைய ஒட்டின் மேலேயே ஒட்டி, கார் மூடியை இறக்கினார்.